மண்டையோடு, மூளை, முதுகுத்தண்டில் வரும் அரிய கட்டிகள்: கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அரிய கட்டி ஒன்று பிடிபடாமல் போவதற்கு ஸ்கேன் கருவி இல்லாதது காரணமாக இருப்பது குறைவு. பரிசோதனைகளைச் செய்த வரிசைதான் பெரும்பாலும் காரணம். பயாப்ஸிக்கு (திசு எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு) முன்பே ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். எலும்பு அரிக்கப்பட்டிருக்கும்போது எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்துவிட்டு சி.டி.யை விட்டிருப்பார்கள். கால் தளர்ந்து வந்தவருக்கு இடுப்புப் பகுதியை மட்டும் படம் பிடித்திருப்பார்கள். கிடைத்த திசு முழுவதையும் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டு, பிறகு கிருமி வளர்ப்புச் சோதனை கேட்பார்கள். இவற்றில் சிலவற்றை மறுபடி செய்துகொள்ளலாம்; சிலவற்றுக்கு மறு வாய்ப்பே கிடையாது. எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்ற வரிசையில்தான் கீழே உள்ள படிகள் அமைந்துள்ளன. இளம் மருத்துவர்களையும் முதுநிலை மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. வீட்டில் ஒருவருக்கு இப்படியொரு அறிக்கை வந்திருந்தால், அடுத்து மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

படி 1: அறிகுறியை நரம்போடு இணைத்துப் பாருங்கள்

தலைவலியையும் முதுகுவலியையும் மட்டும் வைத்து அரிய கட்டியைத் தேட முடியாது. வலியோடு சேர்ந்து எந்த நரம்பு பழுதாகியிருக்கிறது என்பதைத் தேட வேண்டும். கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் இரட்டைப் பார்வை வந்தால் ஆறாவது மூளை நரம்பு. மண்டையோட்டு அடித்தளத்தின் நடுவில் உள்ள கிளைவஸ் எலும்பை ஒட்டியே அது ஏறிச் செல்வதால், அங்கே வளரும் கார்டோமா என்ற எலும்புக் கட்டியின் முதல் அடையாளம் பல சமயம் இதுதான். நாக்கின் ஒரு பாதி சுருங்கி, நீட்டும்போது அந்தப் பக்கமே சாய்ந்தால் பன்னிரண்டாவது நரம்பு வெளியேறும் துளையைப் பாருங்கள். குரல் கம்மல், விழுங்கச் சிரமம், தோளைத் தூக்க முடியாமை மூன்றும் ஒரே பக்கம் என்றால், மண்டையோட்டின் அடியில் அந்த நரம்புகள் வெளியேறும் ஜுகுலர் துளை. காதுக்குள் நாடித்துடிப்போடு இரைச்சல் கேட்டால், செவிப்பறைக்குப் பின்னால் செந்நிறத் திரட்சி தெரிகிறதா என்று பாருங்கள்; ரத்தக்குழாய்கள் மிகுந்த பாராகாங்கிலியோமா என்ற கட்டி அப்படிக் கண்ணில் படலாம்.

முகவாதத்தில் ஏமாறுவது எளிது. சாதாரண பெல்ஸ் முகவாதம் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டிவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனாலோ, முகத்தசை துடித்துக்கொண்டே இருந்தாலோ, மூன்று நான்கு மாதமாகியும் துளியும் தேறாவிட்டாலோ, அது பெல்ஸ் அல்ல என்று எடுத்துக்கொண்டு நரம்பின் முழுப் பாதையையும் படம் எடுக்க வேண்டும். மூளைத்தண்டிலிருந்து காது எலும்பு வழியாகக் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வரை அந்தப் பாதை நீள்கிறது. மூளையோடு நிறுத்திவிட்டால் சுரப்பிக்குள் இருக்கும் புற்று தப்பிவிடும்.

மேலே பார்க்க முடியாத கண்கள் மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பிப் பகுதியைக் காட்டும். ஓயாத தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும், கூடவே வளர்ச்சி நின்றுபோன குழந்தையும் என்றால் ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியின் தண்டு.

முதுகில் மூன்று விஷயங்கள். படுத்தால் கூடும், இரவில் எழுப்பும் வலியைத் தசைவலி என்று ஒதுக்காதீர்கள். குழந்தைக்கு முதுகு வளைந்து, கூடவே வலியும் இருந்தால் கட்டாயம் படம் எடுக்க வேண்டும். வலி நிவாரணி மாத்திரைக்கு நன்றாக அடங்கும் இரவு வலி ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சிறு எலும்புக் கட்டியின் சுபாவம். இரண்டாவது, தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் கண்டத்தோடு முடிந்துவிடுகிறது. கால் விறைத்து, மூட்டில் தட்டினால் துள்ளி, பாதத்தைக் கீறினால் பெருவிரல் மேலே எழும்பினால், கோளாறு அதற்கு மேலேதான். அவருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்து 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று அனுப்பினால், மார்புப் பகுதியில் இருக்கும் கட்டிக்கு மேலும் பல மாதங்கள் கொடுத்ததாகும். மூன்றாவது, முதுகுத்தண்டின் அடியில் வால் எலும்புக்கு மேலே உள்ள திருவெலும்பு. வழக்கமான இடுப்பு எம்.ஆர்.ஐ. திருவெலும்பின் மேல்பாதியோடு நின்றுவிடும். உட்கார்ந்தால் வால் எலும்பில் வலி, புதிதாக வந்த மலச்சிக்கல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல் என்று ஒருவர் சொன்னால், வால் எலும்பின் நுனி வரை படம் கேளுங்கள். அதற்கு முன் விரலால் மலக்குடல் பரிசோதனை செய்யுங்கள். திருவெலும்புக் கார்டோமா பின்சுவரில் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படுவதுண்டு.

உடலைப் பார்க்காமல் ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். ஆறு அல்லது அதற்கு மேல் காப்பி நிறத் திட்டுகள், இலை வடிவ வெள்ளைத் தேமல்கள், விழித்திரையில் ரத்தக்குழாய் முடிச்சு, குடும்பத்தில் சிறுநீரகக் கட்டி போன்றவை நியூரோஃபைப்ரோமடோசிஸ், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ், வான் ஹிப்பல்-லிண்டாவ் போன்ற மரபுவழி நோய்களைக் காட்டிக்கொடுக்கும். அவை தெரிந்துவிட்டால் கட்டியின் பெயர் பாதி தெரிந்த மாதிரி.

படி 2: வயதையும் இடத்தையும் வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள்

ஸ்கேன் தட்டில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகள்: நோயாளிக்கு என்ன வயது? கட்டி எந்த அறையில் இருக்கிறது? மூளைத் திசுவுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டிக்கும் மூளைக்கும் நடுவே தண்டுவடத் திரவத்தின் மெல்லிய கோடு தெரிந்தால், மூளையின் மேலடுக்கான புறணி உள்நோக்கி அமுங்கியிருந்தால், கட்டி வெளியே இருக்கிறது. இந்த ஒரு முடிவு தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும்.

மூன்று வயதுக்குக் கீழ், சிறுமூளைப் பக்கம் என்றால் மெடுல்லோபிளாஸ்டோமாவோடும் எபெண்டைமோமாவோடும் ஏ.டி.ஆர்.டி. எனப்படும் கடுமையான கட்டியையும் பட்டியலில் வையுங்கள். நான்காம் மூளை அறையிலிருந்து அதன் துளைகள் வழியே பிதுங்கி வெளியே வந்தால் எபெண்டைமோமாவின் பழக்கம் அது. மூளை அறைக்குள் திரவம் சுரக்கும் திசுவில் வளரும் கோராய்டு பிளெக்ஸஸ் பாப்பிலோமா குழந்தைகளுக்குப் பக்க அறையிலும், பெரியவர்களுக்கு நான்காம் அறையிலும் வரும். 20 முதல் 40 வயதுக்குள், இரு பக்க அறைகளின் நடுத் தடுப்பில் ஒட்டிய, குமிழ் குமிழான கட்டி சென்ட்ரல் நியூரோசைட்டோமா. மூன்றாம் அறையின் முன்நுனியில், சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும் வட்டம் கொலாய்டு நீர்க்கட்டி. அளவில் சிறியதென்று அலட்சியம் வேண்டாம். அது திரவம் செல்லும் வழியை அடைத்துவிட்டால் திடீர் மரணம் நேரலாம். அந்த நிலையில் முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுப்பது ஆபத்து.

பெரியவருக்குச் சிறுமூளையில் நீர்க்கட்டியும், அதன் சுவரில் பளிச்சென்ற ஒரு முடிச்சும் இருந்தால் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. அதே படம் குழந்தைக்கு என்றால் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா. ஆனால் பெரியவர்களின் சிறுமூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுதான். அரியதைத் தேடும் ஆர்வத்தில் மார்பு, வயிறு சி.டி.யை மறக்கக் கூடாது.

முதுகுத்தண்டில் அறைகள் மூன்று: உறைக்கு வெளியே, உறைக்குள் ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே, தண்டுவடத்துக்கு உள்ளே. வெளியே என்றால் எலும்புக் கட்டிகள், பரவிய புற்று, லிம்போமா (நிணநீர்ச் செல் புற்று), தொற்று. நடு அறையில் ஷ்வானோமாவும் மெனிஞ்சியோமாவும்தான் பெரும்பங்கு. நுனி இழையில் மிக்ஸோபாப்பில்லரி எபெண்டைமோமா. உள்ளே என்றால், நடுமையத்தில் இருந்து மேல் கீழ் நுனிகளில் பழைய ரத்தக் கறுப்பு தெரிவது எபெண்டைமோமா. ஓரமாக ஒதுங்கி, எல்லை மங்கியிருப்பது ஆஸ்ட்ரோசைட்டோமா. சிறு முடிச்சுக்கு மிகப் பெரிய வீக்கமும் நீர்க்குழியும் சேர்ந்திருந்தால் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா.

படி 3: சரியான படத்தைச் சரியான முறையில் கேளுங்கள்

'மூளை எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கிடைப்பது பக்கவாதத்துக்கு எடுக்கும் படம். கேட்க வேண்டியவை இவை:

- கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்னும் பின்னும் 1 மி.மீ. தடிமனில் முப்பரிமாண டி1 (டி1, டி2 என்பவை எம்.ஆர்.ஐ.யின் பட வகைகள்). முன்னால் எடுக்கும் டி1-ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது இல்லாவிட்டால் கொழுப்பு, ரத்தம், மெலனின், புரதச் செறிவு ஆகியவற்றின் வெண்மையை மருந்து ஏறிய வெண்மையிலிருந்து பிரிக்க வழியில்லை.
- டி2, ஃபிளேர், திசுவில் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் (அந்த நகர்வை எண்ணாகத் தரும் ஏ.டி.சி. வரைபடத்தோடு), ரத்தத்தையும் சுண்ணாம்பையும் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ.
- மண்டையோட்டின் அடித்தளத்துக்கும் கண்குழிக்கும், மருந்து ஏற்றிய பின் கொழுப்பை அடக்கிய டி1.
- நரம்புகளையும் நீர்க்கட்டிச் சுவர்களையும் பார்க்க, மெல்லிய அடுக்கில் சிஸ் அல்லது ஃபியஸ்டா வரிசை.
- எலும்பு சம்பந்தப்பட்ட எதற்கும், 1 மி.மீ.க்கும் மெல்லிய அடுக்கில் எலும்பு முறையில் சி.டி.

கான்ட்ராஸ்டாகத் தரும் காடோலினியம் மருந்தின் வழக்கமான அளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். சிறுநீரக வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழ் என்றால் வளைய வடிவ மூலக்கூறு கொண்ட மருந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதுகுக்கு நெடுக்குவெட்டில் டி1, டி2, ஸ்டிர் மூன்றும், கட்டியுள்ள இடத்தில் குறுக்குவெட்டும் தேவை.

திரவத்தின் வழியே பரவக்கூடிய கட்டி என்ற சந்தேகம் இருந்தால், முழு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.யை அறுவைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அறுவையில் சிந்திய ரத்தம் தண்டுவட உறையில் படிந்து, பரவிய புற்றைப் போலவே தெரியும். முன்பு எடுக்கத் தவறினால் குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

படி 4: மண்டையோட்டின் அடித்தளத்தை நிதானமாகப் படியுங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கிளைவஸ். வளர்ந்தவருக்கு அந்த எலும்பின் மஜ்ஜை கொழுப்பு மிகுந்தது. எனவே மருந்துக்கு முந்தைய டி1-ல் பக்கத்திலிருக்கும் பான்ஸைவிட (மூளைத்தண்டின் நடுப்பகுதியைவிட) வெளுப்பாகத் தெரிய வேண்டும். கறுத்திருந்தால் ஏதோ ஊடுருவியிருக்கிறது என்று கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் மஜ்ஜை இயல்பாகவே கறுப்பு. தலைவலிக்காக எடுத்த ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.யிலும் நடுக்கோட்டு டி1 படத்தை ஒரு முறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், பல கார்டோமாக்கள் இரட்டைப் பார்வை வரும் முன்பே பிடிபடும்.

நடுக்கோட்டில் எலும்பை அரித்து, டி2-ல் மிகப் பிரகாசமாக இருந்தால் கார்டோமா. கரு வளர்ச்சியில் முதுகெலும்புக்கு முன்னோடியாக இருந்த நோட்டோகார்டின் எச்சத்திலிருந்து வருவதால் அது நடுவை விட்டு அதிகம் விலகுவதில்லை. கிளைவஸும், உள்காதைச் சூழ்ந்த பெட்ரஸ் எலும்பும் சேரும் இணைப்பில், பக்கவாட்டில் இருந்து, சி.டி.யில் வளையமும் வில்லுமாகச் சுண்ணாம்பு தெரிந்தால் குருத்தெலும்புப் புற்றான காண்ட்ரோசார்கோமா. இரண்டுமே டி2-ல் ஒன்றுபோல ஒளிரும், டிஃப்யூஷனில் ஏ.டி.சி. மதிப்பு காண்ட்ரோசார்கோமாவில் பொதுவாகக் கூடுதல். மிகக் குறைந்த ஏ.டி.சி. உள்ள கார்டோமா, குறிப்பாகக் குழந்தைக்கு, மோசமான வகையாக இருக்கக்கூடும். இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்றால், காண்ட்ரோசார்கோமா அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் கார்டோமாவைவிட நன்றாகக் கட்டுப்படும்.

கிளைவஸின் பின்புறம், பான்ஸுக்கு முன்னால், டி2-ல் வெளுத்து, மருந்து ஏறாத சிறு நீர்த்துளி போன்ற ஒன்று இருந்தால் அது எக்கார்டோசிஸ். நோட்டோகார்டின் தீங்கற்ற மிச்சம். அதை வெட்டத் தேவையில்லை. கார்டோமா என்று அஞ்சி வெட்டிவிடுவதுதான் தீங்கு.

கிளைவஸில் எந்தக் கட்டியாக இருந்தாலும், கத்தியை எடுப்பதற்கு முன் ரத்தத்தில் புரோலாக்டின் பாருங்கள். கீழ்நோக்கி எலும்பை அரித்து வளர்ந்த பிட்யூட்டரிக் கட்டி அப்படியே கார்டோமா வேடத்தில் வரும். புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் மாத்திரையிலேயே சுருங்கும். கட்டி மிகப் பெரியது, ஆனால் புரோலாக்டின் அளவு மட்டும் சுமாராகத்தான் கூடியிருக்கிறது என்றால், மாதிரியை 1:100 என்று நீர்த்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஹார்மோன் அளவு கடந்து இருக்கும்போது சோதனைக் கருவியின் ஆன்டிபாடிகள் திணறி, பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும்.

பெட்ரஸ் எலும்பின் நுனியை நான்கு படங்களில் தீர்த்துவிடலாம். டி1, டி2 இரண்டிலும் வெளுப்பு, கொழுப்பை அடக்கினாலும் வெளுப்பு குறையவில்லை என்றால் கொலஸ்டிரால் கிரானுலோமா. டி1-ல் கறுப்பு, டி2-ல் வெளுப்பு, டிஃப்யூஷனில் பளிச் என்றால் கொலஸ்டியடோமா. டி1-ல் வெளுத்திருந்து, கொழுப்பை அடக்கியதும் மறைந்துவிட்டால் அது வெறும் மஜ்ஜை; மறுபக்கத்து எலும்பில் காற்றறைகள் இருப்பதால் இந்தப் பக்கம் வித்தியாசமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சி.டி.யில் காற்றறைச் சுவர்கள் அப்படியே இருந்து உள்ளே திரவம் மட்டும் என்றால் தேங்கிய நீர். கடைசி இரண்டையும் கட்டி என்று அறுத்த சம்பவங்கள் உண்டு என்பதால் வலியுறுத்திச் சொல்கிறோம்.

எலும்பின் இடத்தில் நார்த்திசு வளரும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா எம்.ஆர்.ஐ.யில் பயமுறுத்தும்: மருந்து நன்றாக ஏறும், எலும்பு விரிந்திருக்கும், டி2 எப்படி வேண்டுமானாலும் இருக்கும். சி.டி.யில் தேய்த்த கண்ணாடி போன்ற சீரான மங்கல் தெரிந்ததும் பயம் தீரும். குழந்தையின் மண்டையோட்டில், உள் தகடும் வெளித் தகடும் வெவ்வேறு அளவில் அரிக்கப்பட்டு, சரிந்த விளிம்போடு ஓட்டை இருந்தால் லாங்கர்ஹான்ஸ் செல் நோய். அது ஒரே இடத்தில் இருக்கிறதா, பல இடங்களிலா என்று முழு எலும்புக்கூட்டையும் பார்த்தாக வேண்டும்.

படி 5: கட்டியே இல்லாதவற்றை விலக்குங்கள்

வளையமாக மருந்து ஏறும் எதையும் உடனே புற்று என்று எழுதிவிடாதீர்கள். வளையத்தின் உள்ளே டிஃப்யூஷனில் பளிச்சென்று, ஏ.டி.சி.யில் கறுப்பாக இருந்தால் சீழ்க்கட்டி. அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய அவசரம். வளையம் முழுமையாக மூடாமல், திறந்த வாய் மூளைப் புறணியை நோக்கி இருந்து, அளவுக்குத் தகுந்த அழுத்தமும் இல்லாமல் இருந்தால், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அழியும் நோய். அவருக்கு எம்.ஓ.ஜி., அக்வபோரின்-4 ஆன்டிபாடிகளைப் பாருங்கள். உட்பகுதி டி2-ல் கறுத்து, திசுவின் வேதிப்பொருள்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் 1.3 பி.பி.எம். இடத்தில் கொழுப்பு முனை எழுந்தால் காசநோய்க் கட்டி. சிறு நீர்க்கட்டிக்குள் புள்ளியாகத் தலை தெரிந்தால் நாடாப்புழு.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. மூளை உறை முழுக்க மருந்து ஏறி, காசநோய் மூளைக்காய்ச்சல் என்று மருந்து ஆரம்பித்த குழந்தைக்கு, மாதங்கள் ஆகியும் கிருமி எதுவும் கிடைக்காமல், தண்டுவடத்தின் மேற்பரப்பில் சிறு சிறு நீர்க்குமிழிகள் தெரிந்தால், டிஃப்யூஸ் லெப்டோமெனிஞ்சியல் கிளையோநியூரோனல் கட்டியை நினைத்துப் பாருங்கள். உறையிலிருந்து திசு எடுத்தால்தான் அது தெரியும்.

தண்டுவடத்தில் மிக வருந்தத்தக்க குழப்பம் டூரல் ரத்தக்குழாய்ப் பிணைப்பு, அதாவது தண்டுவட உறையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடுவது. நடுவயதைத் தாண்டிய ஆண், நடந்தால் கூடும் கால் தளர்ச்சி, தண்டுவடத்தின் கீழ்முனை வரை டி2-ல் நீண்ட வெளுப்பு. 'கட்டி அல்லது அழற்சி' என்று எழுதி ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நோயாளி இன்னும் மோசமாவார். தண்டுவடத்தின் பின்புறம் புழு நெளிவது போன்ற கறுப்புக் கோடுகளைத் தேடுங்கள். சந்தேகம் வந்தால் முதுகுத்தண்டு ஆஞ்சியோகிராம். காலத்தோடு அடைத்துவிட்டால் நோய் மேலும் முற்றாமல் நின்றுவிடும், பலர் தேறவும் செய்வார்கள்.

முதுகெலும்பில் தொற்றா கட்டியா என்பதற்கு இரு எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுதான் சாட்சி. வட்டும் இரு பக்க எலும்புகளும் சேர்ந்து அழிந்தால் தொற்று. எலும்புகள் அழிந்து வட்டு தப்பியிருந்தால் கட்டி. காசநோய் மட்டும் இதில் விலக்கு. அது வட்டை வெகுநாள் விட்டுவைக்கும். பக்கத்தில் மெல்லிய சுவருள்ள பெரிய சீழ்ப்பை இருப்பதைப் பார்த்து அதை அடையாளம் காணலாம்.

படி 6: ஊசிக்கு முன் ரத்தமும் திரவமும்

பினியல் சுரப்பியிலோ பிட்யூட்டரிக்கு மேலோ, இளம் வயதில் கட்டி என்றால், சில கட்டிகள் சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனும் பீட்டா எச்.சி.ஜி.யும் ரத்தத்தில் கட்டாயம். பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் தண்டுவடத் திரவத்திலும். ஒன்றில் மட்டும் உயர்ந்திருப்பதும் உண்டு. எச்.சி.ஜி. சற்றே உயர்வது தூய ஜெர்மினோமாவிலும் (இனச்செல் கட்டியின் ஒரு வகை) நடக்கும். ஆனால் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் தெளிவாக உயர்ந்தால் அது தூய ஜெர்மினோமா இல்லை. சிகிச்சை நெறிமுறைகளின் வரம்பைத் தாண்டிவிட்டால் பயாப்ஸி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தப் புரதம் இயல்பாகவே அதிகம். வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிடாமல் முடிவு கட்டாதீர்கள்.

பாராகாங்கிலியோமா, வான் ஹிப்பல்-லிண்டாவ் சந்தேகம் உள்ளவர்களுக்கு ரத்த மெட்டாநெஃப்ரின் பார்க்காமல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. உடலில் எங்கோ அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி ஒளிந்திருந்தால் மேசையிலேயே ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் போகும். நடுவயதைக் கடந்தவரின் எலும்பு அரிப்புக்கு, மைலோமா என்ற ரத்தப் புற்றைத் தேட, ரத்தப் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ், தனித்த (ஃப்ரீ) லைட் செயின். லிம்போமா சந்தேகத்துக்கு எச்.ஐ.வி. சோதனையும், கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையும். விழிக்குள் இருக்கும் திரவத்திலேயே செல்கள் கிடைத்துவிட்டால் மூளையைத் தொட வேண்டியதில்லை.

தண்டுவடத் திரவத்தில் புற்றுச் செல் தேட 1 மி.லி., 2 மி.லி. போதாது, 10 மி.லி. அளவுக்கு எடுத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செல்கள் விரைவில் சிதைந்துவிடும். முதல் முறை எதுவும் இல்லாவிட்டால் மறுமுறை பார்ப்பது வழக்கம். மூளையில் திரவ வழி அடைபட்டிருந்தாலோ, சிறுமூளைப் பக்கம் பெரிய கட்டி இருந்தாலோ முதுகில் ஊசி கூடாது. தண்டுவடக் கட்டி திரவத்தை முழுக்க அடைத்திருக்கும்போது அதற்குக் கீழே ஊசி போட்டாலும் கட்டி கீழிறங்கி, கால் அடியோடு செயலிழந்துபோகலாம்.

ஸ்டீராய்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரே சீராக மருந்து ஏறி, சி.டி.யில் வெளுத்து, டிஃப்யூஷன் கட்டுப்பட்டு, மூளை அறைகளை ஒட்டி இருக்கும் கட்டி லிம்போமாவாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் செல்கள் கரைந்துவிடும்; பயாப்ஸியில் வெறும் அழற்சிதான் வரும். உயிருக்கு ஆபத்தான அழுத்தம் இருந்தால் தயங்காமல் கொடுக்க வேண்டியதுதான். அப்படி இல்லாதபோது மானிட்டால் அல்லது அடர் உப்புக் கரைசலால் நாள் கடத்தி, பயாப்ஸியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே கொடுத்துக் கட்டி மறைந்திருந்தால், மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தி, அடிக்கடி படம் எடுத்து, திரும்பத் தலைகாட்டும்போது திசு எடுக்க வேண்டும்.

படி 7: திசு எடுக்கும் வழியும் எடுத்த திசுவின் கதியும்

ஊசி செல்லும் பாதையில் கார்டோமா செல்கள் விதைபோட்டு முளைக்கும். ஆகவே பின்னாளில் முழுக் கட்டியையும் அகற்றப்போகும் அறுவை மருத்துவரே பாதையை முடிவு செய்ய வேண்டும். அந்தப் பாதையும் அறுவையில் சேர்த்து வெட்டியெடுக்கும்படி அமைய வேண்டும். திருவெலும்புக் கட்டிக்குப் பின்பக்கமாக, சி.டி. வழிகாட்டுதலில் ஊசி. மலக்குடல் வழியாக எடுப்பது எளிதாகத் தோன்றும். எடுத்தால் அதுவரை சுத்தமாக இருந்த மலக்குடலையும் பின்னர் அகற்ற நேரும்.

சில கட்டிகளில் யோசிக்காமல் ஊசி வைக்கவே கூடாது. பிட்யூட்டரி அமர்ந்திருக்கும் செல்லாப் பகுதியில் உருண்டையாக இருப்பது ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்; முதலில் சி.டி. ஆஞ்சியோகிராம். கட்டிக்குள் பெரிய ரத்தக்குழாய்களின் கறுப்பு வளைவுகள் தெரிந்தால் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா, பாராகாங்கிலியோமா, சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி ஆகியவற்றை எதிர்பார்த்து ரத்தம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தலையிலோ மூக்கின் மேலேயோ நடுக்கோட்டில் உள்ள புடைப்பை எம்.ஆர்.ஐ. எடுக்காமல் குத்தவோ கீறவோ வேண்டாம். அது மூளையோடு தொடர்புள்ள பையாகவோ, உள்ளே வரை செல்லும் குழாயாகவோ இருக்கக்கூடும்.

ஸ்கேனை வைத்து ஊசியைக் குறிபார்த்துச் செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் எடுக்கும்போது ஒரே புள்ளியில் நிறுத்தாமல், மருந்து ஏறும் விளிம்பிலும் உள்ளேயும் பல துண்டுகள் எடுங்கள். நடுவில் மட்டும் எடுத்தால் செத்த திசுதான் வரும். ஊசியை வெளியே எடுப்பதற்கு முன், உறைநிலைச் சோதனையில் 'நோயுள்ள திசு வந்துவிட்டது' என்று பேத்தாலஜிஸ்ட் (திசுவை ஆராயும் மருத்துவர்) சொல்லட்டும். அந்த நேரத்தில் அவரிடம் கட்டியின் முழுப் பெயரைக் கேட்டு நெருக்க வேண்டாம்.

திசுவைப் பிரிப்பது அறுவை அறையிலேயே நடக்க வேண்டும். ஒரு பகுதி 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில். இன்னொரு பகுதி உப்புக் கரைசலில், பாக்டீரியா, காசநோய், பூஞ்சை வளர்ப்புக்கு. ஃபார்மலின் பட்ட திசுவில் எதுவும் வளராது. முடிந்தால் ஒரு துண்டு உடனே உறையவைத்து, மரபணுச் சோதனைக்கு. எலும்பு இருந்தால் வலுவான அமிலத்தில் ஊறவைக்க வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், அமிலம் டி.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். ஈ.டி.டி.ஏ. மெதுவாகத்தான் சுண்ணாம்பைக் கரைக்கும், ஆனால் டி.என்.ஏ. பிழைக்கும். அந்த விண்ணப்பத்தில் வயது, இடம், ஸ்கேனில் தெரிந்தது, ஸ்டீராய்டு கொடுத்த விவரம், முன்பு கதிர்வீச்சு பெற்றிருந்தால் அது ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.

படி 8: நுண்ணோக்கியும் மூலக்கூறும் ஒன்றையே சொல்கின்றனவா

உலக சுகாதார அமைப்பின் 2021-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டில், பல கட்டிகளின் பெயரே திசுத் தோற்றத்தையும் மரபணு மாற்றத்தையும் சேர்த்துத்தான் தரப்படுகிறது. ஆகவே 'ஸ்மால் ரவுண்ட் செல் கட்டி', 'கிளையோமா' என்று நின்றுவிட்ட அறிக்கையை முடிவாக ஏற்காதீர்கள்.

செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று காட்டும் சாயங்களில் நினைவில் நிற்க வேண்டியவை சில. செல் கருவில் பிராக்யூரி சாயம் ஏறினால் கார்டோமா. காண்ட்ரோசார்கோமாவில் ஏறாது, அதற்குப் பதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐ.டி.எச். மரபணு மாற்றம் இருக்கும். எஸ்-100 சாயம் இரண்டிலும் ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. செல் கருவில் ஸ்டாட்6 தெரிந்தால் சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி. ஸ்கேனில் அது மெனிஞ்சியோமா போலவே இருக்கும், ஆனால் சுண்ணாம்பு படிவதில்லை, பக்கத்து எலும்பைத் தடிக்கவைக்காமல் அரிக்கும். ஐ.என்.ஐ.1 சாயம் மறைந்துபோனால் சிறு குழந்தையின் மூளையில் ஏ.டி.ஆர்.டி.; கிளைவஸில் என்றால் கடும் வகைக் கார்டோமா. நடுக்கோட்டுக் கிளையோமா எதுவானாலும் எச்3 கே27 மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.டி.1ஏ, லாங்கரின் இரண்டும் ஏறினால் லாங்கர்ஹான்ஸ் செல் நோய். எஸ்-100 ஏறி, சி.டி.1ஏ ஏறாமல், பெரிய செல்களுக்குள் முழு லிம்ஃபோசைட்டுகள் உயிரோடு தெரிந்தால் ரோசாய்-டார்ஃப்மன். மூளை உறையில் அதுவும் மெனிஞ்சியோமா வேடமே போடும்.

பிராஃப் வி600ஈ மரபணு மாற்றம் தனியாக எந்தக் கட்டிக்கும் பெயர் வைக்காது. கேங்கிளியோகிளையோமா, பாப்பில்லரி கிரேனியோஃபாரிஞ்சியோமா, லாங்கர்ஹான்ஸ், எர்ட்ஹைம்-செஸ்டர் என்று பலவற்றில் அது உண்டு. இருந்தாலும் தேடுங்கள், ஏனென்றால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு பெயர் கிடைக்காவிட்டால், டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளைப் படிக்கும் மெத்திலேஷன் சோதனை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் தலைமையில் 2018-ல் வெளியான வகைப்படுத்தி, மூளைக் கட்டிகளை மெத்தில் குறிகளின் அமைப்பை வைத்தே பிரிக்கிறது. மாதிரியில் ஆரோக்கியத் திசு அதிகம் கலந்திருந்தால் இது தடுமாறும். பொருத்த மதிப்பெண் குறைவாக வந்தால், பட்டியலில் முதலில் இருக்கும் பெயரை நோயாளிக்கு ஒட்டிவிடாதீர்கள்.

அறிக்கையில் என்.ஓ.எஸ். என்றிருந்தால், தேவையான சோதனை செய்யப்படவில்லை அல்லது பலிக்கவில்லை. செய்யச் சொல்லிக் கேளுங்கள். என்.இ.சி. என்றிருந்தால், எல்லாம் செய்தும் தெரிந்த வகை எதிலும் அடங்கவில்லை. அனுபவமிக்க மையத்தின் கருத்துக்கு அனுப்புங்கள்.

படி 9: பொருந்தாதபோது சிகிச்சையைத் தொடங்காதீர்கள்

நோயாளியின் கதை, ஸ்கேன், திசு மூன்றும் ஒரே பெயரில் வந்து நிற்க வேண்டும். வேகமாக வளரும், வளையமாக மருந்து ஏறும் கட்டிக்கு 'குறைந்த தரக் கிளையோமா' என்று அறிக்கை வந்தால், ஊசி ஓரத்தைத்தான் தொட்டிருக்கிறது. வருடக்கணக்கில் மாறாத கட்டிக்கு 'கடும் புற்று' என்று வந்தால் கண்ணாடித் தகடுகளை மறுபார்வைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது அறிக்கையின் நகல் மட்டும் போதாது. திசுவைப் பதித்துவைத்த பாரஃபின் மெழுகுத் துண்டோ, சாயம் ஏற்றாத தகடுகளோ, எல்லா ஸ்கேன்களின் டிஜிட்டல் கோப்பும் வேண்டும். பிரின்ட் எடுத்த ஃபிலிமில் ஏ.டி.சி. மதிப்பை அளக்க முடியாது. ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட், அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் நால்வரும் ஒரே மேசையில் படங்களைத் திறந்துவைத்துப் பேசும் கூட்டம் எந்தத் தனிச் சோதனையையும்விட அதிகம் தெளிவு தரும்.

தொடாமல் கண்காணிக்க முடிவு செய்தவற்றுக்கு (எக்கார்டோசிஸ், வழக்கமான முதுகெலும்பு ஹீமாஞ்சியோமா, புறணிக்கு அடியில் குமிழ்க் கொத்தாகத் தெரியும் எம்.வி.என்.டி. என்ற நரம்புச் செல் கட்டி போன்றவை) கட்டியின் பெயரில் ஐயம் இருந்தால் மூன்று மாதத்திலும், பிறகு ஆறு மாதத்திலும், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறையும் படம் எடுப்பது நியாயமான இடைவெளி. ஒவ்வொரு முறையும் போன முறைப் படத்தோடு மட்டும் ஒப்பிடாமல், முதல் படத்தோடும் ஒப்பிடுங்கள். மெதுவாக வளரும் கட்டி அடுத்தடுத்த படங்களில் மாறாதது போலவே காட்டும்.

அறுவை முடிந்தவருக்கு 72 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் எஞ்சிய கட்டி எது, காயத்தின் வெண்மை எது என்று பிரிக்க முடியும். அதுவே பின்னாளைய எல்லா ஒப்பீட்டுக்கும் அடிப்படைப் படம். மிக்ஸோபாப்பில்லரி எபெண்டைமோமா வந்தவருக்கு முழு முதுகுத்தண்டையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக்கூட எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ தோன்றும். ஐந்து ஆண்டு ஆனதும் கோப்பை மூடிவிடாமல், மூளையோடு மார்பையும் வயிற்றையும் சேர்த்தே கண்காணிக்க அட்டவணை எழுதிக் கொடுங்கள்.